பிள்ளையாரை இடமாகச் சுற்றிய டிரில் டீச்சர்

"புள்ளையாருக்குக் கோவம்னா அவரே வந்து எங்கிட்ட சொல்லட்டும். உங்ககிட்ட எதுக்கு சொல்லி அனுப்பறாரு? நீங்க இன்னா அவருக்குப் பியூனா?"

என் வீட்டில் குடியிருந்த ரேணுகாம்பாள் இப்படிக் கேட்டது பள்ளிக்கூடத்துச் செயலாளர் சக்கரபாணியைப் பார்த்து. கேட்ட இடம் என் வீட்டு வாசல். விடிந்தும் விடியாமலும் வந்து கதவைத் தட்டினால் அவள் என்ன செய்வாள்? ஒரு கையில் பல் துலக்கும் பிரஷ், வாயோரம் நுரை, கழுத்தில் விசில். அந்த விசிலைத் தூங்கும்போதாவது கழற்றுவாளா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. செயலாளருக்கு நெற்றியில் சந்தனம், வலது கையில் மாவுக்கட்டு. வாசல் தெளிக்க வந்த பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

"ஏம்மா டீச்சர், வாய அடக்கு. உனக்கு வேல குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப நான் சொல்றதக் கேளு. புள்ளைங்க இடமா ஓடறத இன்னியோட நிறுத்து. இல்லன்னா வர்ற ஜூன்ல உனக்கு ஆர்டர் கிடையாது. சாமி குத்தம் தோ என் கையில வந்து நிக்குது பாரு."

"சாணியில மொபெட்ட வுட்டது நீங்க. குத்தம் எனக்கா?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"ஜோதியம்மா, நீ எதுக்குச் சிரிக்கற?"

"என் வூட்டு வாசல். நான் சிரிப்பேன், அழுவேன். நீங்க எதுக்கு நிக்கறீங்க?"

மனுஷன் போய்விட்டார். ஆனால் ஆர்டர் கிடையாது என்று அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. சொன்னால் செய்கிற ஆள்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் உயர்நிலைப் பள்ளி வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. மங்களூர் ஓடு, உருண்டைத் தூண், முகப்பில் ஓடாத ஒரு கடிகாரம். பின்னால் பெரிய மைதானம். மைதானத்துக்கு நடுவில் வன்னிமரம், மரத்தடியில் பிள்ளையார். பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். கட்டியவர்கள் அவரை நகர்த்தப் பயந்துபோய், நடுவிலேயே விட்டுவிட்டுச் சுற்றிலும் ஓடுபாதை போட்டார்கள். நடுவில் சாமி இருந்தால் எங்கள் ஊர்க்காரன் எப்படி ஓடுவான்? வலமாகத்தான். கிரிவலத்துக்குப் பேர்போன இந்த ஊரில் குழந்தைகள் நடை பழகுவதே மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டுதான்.

மற்ற ஊர்களில் எல்லாம் ஓட்டப் பந்தயம் இடமாக ஓடுவதாம். இடது கை உள்பக்கம் இருக்க வேண்டுமாம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாத்தா காலத்திலிருந்து இங்கே வலமாக ஓடிப் பழகி, போட்டிக்குப் போன இடத்தில் இடமாக ஓடித் தோற்றுக்கொண்டிருந்தார்கள். நேராக ஓடுகிற நூறு மீட்டரில் ஏதாவது தேறும். பாதை வளைந்தால் போச்சு. கால் ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் போகும்.

தோற்று வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் போட்டிக்கு முந்தின வாரம் தேங்காய் உடைத்து, பிள்ளைகளை இன்னும் கூடுதலாக வலமாக ஓடவைத்தார்கள். எவ்வளவு வேண்டினார்களோ அவ்வளவு தோற்றார்கள். என் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மைதானம் முழுசும் தெரியும். வத்தல் காயவைத்தபடி வருஷக்கணக்காக இந்தக் கூத்தைப் பார்த்தவள் நான்.

ரேணுகாம்பாள் தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜூன் மாதம் என் பின்கட்டுக்குக் குடிவந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். அப்பா சுப்பிரமணிக்கு நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற நிலம் இருந்தது. படவேட்டு அம்மனுக்கு வேண்டிப் பிறந்ததால் அந்த அம்மன் பெயர். டிரில் டீச்சர் படிப்புப் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தர வந்திருந்தாள். பையன்களுக்குத் தனியாக ஒரு வாத்தியார் உண்டு. அவர் நாற்காலியில் உட்கார்ந்தே விளையாட்டுச் சொல்லித்தருவார்.

ஆள் நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். சேலையைத் தூக்கிச் செருகி, கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு அவள் தெருவில் நடந்தால் கிழவன்கள் பேப்பரைத் தாழ்த்திப் பார்ப்பார்கள். "ஷூ வேணுமா தாத்தா? சைஸ் சொல்லுங்க" என்பாள். பேப்பர் மேலே போய்விடும்.

வேலை நிரந்தரம் இல்லை. வருஷாவருஷம் ஜூனில் செயலாளர் மனசு வைத்து ஆர்டர் கொடுக்க வேண்டும். ஊரில் அப்பா அத்தை மகனைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்.

"இந்த வேல போச்சுன்னா எங்கப்பா மறுநாளே மேளத்துக்குச் சொல்லிடுவாரு ஜோதிம்மா."

"மாப்ள எப்படி?"

"நல்லவருதான். நான் ஓடனா, எதுக்கு ஓடற, பஸ்ஸு நிக்குமேன்னு கேக்கறவரு."

முதல் வருஷம் அவளும் வலமாகத்தான் ஓடவிட்டாள். புதுசு, தலைமையாசிரியர் ஆதிமூலம் "இங்க இப்படித்தாம்மா" என்றதும் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வருஷமும் அப்படித்தான். அந்த வருஷத்து மாவட்டப் போட்டியில் கவிநிலா விழுந்தாள்.

கவிநிலா எங்கள் தெருப் பெண். அப்பா பஸ் டிரைவர், அம்மா தங்கம்மாள் பூக்கட்டுகிறவள். அந்தப் பெண்ணுக்குப் படிப்பு சுமார். ஓட்டம் மட்டும் காற்று மாதிரி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவள், கடைசி வளைவில் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் சாய்ந்து, பக்கத்தில் வந்தவள் மேல் மோதி, முட்டி பெயர்ந்து விழுந்தாள். அழுதுகொண்டே நொண்டி வந்தவளைச் செயலாளர் பிள்ளையார் முன்னால் நிறுத்தி விபூதி வைத்துவிட்டு, "அடுத்த வருஷத்துக்கு இன்னும் ஜாஸ்தி சுத்தணும்" என்றார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம், ஒரு நாள் காலை மாடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பெண்பிள்ளைகள் பிள்ளையாரைச் சுற்றி இடமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். இடமாகச் சுற்றுவதை நான் கிட்டத்தில் பார்த்தது ஒரே தடவை. என் வீட்டுக்காரர் பலராமனை வாசலில் கிடத்திப் பந்தம் பிடித்துச் சுற்றியபோது.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"ஏன்டி, ஊரான் வூட்டுப் பொண்ணுங்கள பொணத்தச் சுத்தற மாதிரி ஓடவுடறியே, உனக்கு நெஞ்சு பயமே இல்லியா?"

"அதுங்க சாமியச் சுத்தல ஜோதிம்மா. நான் போட்ட கோட்டச் சுத்துதுங்க. சாமி நடுவுல உக்காந்துக்கினு இருக்குது, அதுக்கு நான் இன்னா பண்ண?"

"வலமா ஓடிட்டுப் போயேன்."

"கவிநிலா முட்டியப் பாத்தீங்களா நீங்க? தழும்பு இன்னும் போவல. அவள வுழ வச்சது நாமதான். தெரிஞ்சும் வலமா ஓடவுட்டா நான் டீச்சர் இல்ல, பூசாரி."

நான் உலையைப் பார்க்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதே வாரம் செயலாளர் தேரடித் தெருவில் மழை ஈரத்தில் சாணியில் வழுக்கி மொபெட்டோடு விழுந்தார். கை ஒடிந்தது. ஊருக்கு வேறென்ன வேண்டும்? அதன் மறுநாள்தான் வாசலில் அந்தச் சண்டை. அன்று மதியமே மைதானத்தில் பெண்பிள்ளைகள் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தது. போட்டிக்கு மூன்று மாதம்கூட இல்லை.

உத்தரவு போட்டும் அவருக்கு மனசு ஆறவில்லை. இரண்டு நாள் கழித்து என்னைப் பார்க்க வந்தார். இந்தத் தடவை குரலில் வெல்லம்.

"ஜோதியம்மா, பேங்க்ல வேல செய்யற குடும்பம் ஒண்ணு வூடு தேடுது. வாடக சுளையா வரும். அந்த டீச்சரக் காலி பண்ணச் சொல்லு."

"அவளுக்கு இன்னா குறச்சல்?"

"இடமா சுத்தற பொண்ணு வூட்டுல இருந்தா வூட்டுக்கு ஆவாது. ஏற்கெனவே தாலி இல்லாத வூடு வேற. யோசிச்சுக்க."

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"என் வூட்டுக்காரரு பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலய வலமாத்தான் சுத்தனாரு. மழ கொட்டனாலும் வுடல. ஒரு தடவகூட இடமா திரும்பல. நாப்பத்தாறு வயசுல போய்ட்டாரு. வலமா சுத்தறவனுக்குச் சாவு இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அந்தப் பொண்ண இந்த நிமிஷமே காலி பண்றேன்."

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "கையெழுத்து எப்படிப் போடறது" என்று முனகிக்கொண்டே போனார்.

ரேணுகா அதற்குள் வேறு இடம் பார்த்துவிட்டாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் மனை போட்டு விற்க ஒரு பொட்டலைச் சமப்படுத்தி, வெள்ளையடித்த கல் நட்டு வைத்திருந்தார்கள். வாங்க ஆள் வரவில்லை. அந்தக் கல்லையெல்லாம் அளந்து கோடு இழுத்து வட்டம் போட்டுவிட்டாள். நடுவில் சாமியும் இல்லை, மரமும் இல்லை. காலையில் போய் ஓடிவிட்டு, பள்ளிக்கூட மணிக்கு முன்னால் திரும்பிவிடலாம். பெற்றவர்கள் பெண்ணை அனுப்ப வேண்டும், அதுதான் பாக்கி.

மற்றவர்களை அவளே பேசி மசியவைத்தாள். தங்கம்மாள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஓடுகிற பெண்ணே கவிநிலாதான். அவள் வராமல் மற்றவர்கள் வந்து என்ன? நான் போனேன்.

தங்கம்மாள் மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். "வேணாங்க்கா. அவரு ராத்திரி பகலு பஸ் ஓட்டறாரு. பொண்ணு இடமா சுத்திக்கினு இருந்து, அவருக்கு ரோட்டுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? என் தாலிக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் பயந்தது நிஜம். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் விடமுடியுமா?

"ஏன்டி, உம் புருஷன் பஸ்ஸ எப்படித் திருப்பறாரு?"

"இன்னாக்கா கேள்வி இது? ஸ்டியரிங்கப் புடிச்சித்தான்."

"எந்தப் பக்கம்?"

"ரோடு போற பக்கம்."

"ரோடு இடது பக்கம் திரும்பனா?"

"இடது பக்கம்தான் திருப்புவாரு."

"அப்ப தினம் எத்தினி தடவ இடமா திரும்பறாரு? இத்தினி வருஷமா நல்லாத்தான இருக்கறாரு?"

பூ கையிலேயே நின்றது. திண்டாடிப்போய், "காலையில இருட்டுல பொட்டப் புள்ளைங்க தனியா..." என்று வேறு பக்கம் போனாள்.

"நான் கூடப் போறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கலெக்டர் ஆபீஸ் என்ன பக்கத்திலா இருக்கிறது? ஆனாலும் மறுநாளே கிளம்பிவிட்டேன். தெருவில் பெண்பிள்ளைகள் வரிசையாக வர, நான் முன்னால் நடந்தேன். பால் வாங்க வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் செருப்பை உதறிவிட்டு வீட்டுக்குள் திரும்பினார். காலையில் விதவை முகத்தில் விழித்தால் காரியம் ஆகாதாம்.

"பின்னால வாயேன் ஆயா, ஏன் முன்னால வந்து நிக்கற?" என்றார் உள்ளேயிருந்து.

"முன்னாலதான் போவேன். உனக்குப் பயமா இருந்தா நீ பால் குடிக்காத."

பிள்ளைகள் கலகலவென்று சிரித்தன. அதுமுதல் நான்தான் முன்னால். பொட்டலில் ஒரு மனைக்கல்லின் மேல் உட்கார்ந்து, அவர்கள் ஓடுவதைப் பார்ப்பேன். முதல் வாரம் சகிக்கவில்லை. வளைவு வந்ததும் எல்லாம் பசுமாடு கயிற்றை இழுப்பது போல வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போயின. ரேணுகா கூடவே உள்பக்கம் ஓடி, "இடது தோள இறக்கு! வலது கைய வீசு! மலய மற, கோட்டப் பாரு!" என்று கத்துவாள். சேலை முந்தானை அவிழும், செருகுவாள், மறுபடி ஓடுவாள். கவிநிலா ஒரு நாள் கல் தடுக்கி அதே முட்டியில் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "டீச்சர், இன்னொரு தடவ" என்றாள். அதற்கப்புறம் எனக்குக் கவலை போய்விட்டது.

புரட்டாசிக் கடைசியில் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளிக்கூடத்து முத்திரையும் இல்லாமல் பெயரை எடுக்கமாட்டார்கள். ஆதிமூலம் கெட்டவர் இல்லை. பயந்தவர். செயலாளர் தும்மினால் இவருக்கு ஜலதோஷம் பிடிக்கும்.

"அவரு வேணாம்னுட்டாரும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

"கையெழுத்துப் போடுங்க சார்."

"எனக்கு ரிட்டையர் ஆவ இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதும்மா."

"அதுங்க ஓட இந்த ஒரு வருஷம்தான் சார் இருக்குது."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். இவள் வெளியே வந்தாள். மைதானத்தில் ஓடத்தானே தடை? தலைமையாசிரியர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பெண்களை நிறுத்தி டிரில் எடுக்க ஆரம்பித்தாள். நின்ற இடத்திலேயே. "ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு!" கூடவே விசில். பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தினார்கள். என் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது. சாப்பாட்டு மணி அடித்தது, நிறுத்தவில்லை. கணக்கு வாத்தியார் வந்து கெஞ்சினார், நிறுத்தவில்லை. ஆதிமூலம் ஜன்னலை மூடினார். அந்தக் காலத்து ஜன்னல், பாதிக்கு மேல் மூடாது.

கடைசியில் பியூன் கையில் தாள் வந்தது. கையெழுத்தும் இருந்தது, முத்திரையும் இருந்தது.

"சார் சொல்லச் சொன்னாரு, இது அவரு போட்டதில்லயாம். தானா வுழுந்துச்சாம்."

"சாமி வரம்னு சொல்லு" என்று வாங்கிக்கொண்டாள் ரேணுகா.

போட்டி ஆரணியில். பள்ளிக்கூடத்திலிருந்து வேறு ஒருத்தரும் வரவில்லை. நானும் ரேணுகாவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போளூர் வழியாகப் பஸ்ஸில் போனோம். பெரிய மைதானம். பந்தல், மைக்செட், சுண்ணாம்புக் கோடு. மற்றப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஷூ போட்டு, ஒரே நிறத்தில் சட்டை போட்டு வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வெறுங்கால். தொடர் ஓட்டத்தில் எங்கள் பெண் ஒருத்தி கையில் வாங்கின கட்டையைக் கீழே போட்டுவிட்டாள். அது போயிற்று. மிச்சம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்.

எனக்கு ஓட்டப் பந்தயம் ஒரு எழவும் தெரியாது. துப்பாக்கி வெடித்ததும் எல்லாரும் ஓடினார்கள், சுற்றினார்கள், மறுபடி சுற்றினார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்றே விளங்கவில்லை. கவிநிலாவுக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற வேற்றூர் டீச்சரைப் பிடித்து உலுக்கினேன்.

"எங்க பொண்ணு மூணாவதா போவுதே, இன்னும் எத்தினி சுத்து இருக்குது?"

"உங்க பொண்ணா மூணாவது? அந்த ரெண்டும் கடசிம்மா. ஒரு சுத்து பின்னால கிடக்குதுங்க. உங்க பொண்ணு அதுங்கள இப்பத் தாண்டப் போவுது."

"அப்ப யாரோடதான் போட்டி?"

"தோ, செவப்பு ஷூ. அது ஒட்டிக்கினு வருது பாருங்க."

கடைசி வளைவு. சிவப்பு ஷூக்காரி வெளிப்பக்கமாக வந்து தோளுக்குத் தோள் ஓடினாள். போன வருஷம் விழுந்ததும் இப்படியொரு வளைவில்தான். ரேணுகா விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள், அங்கே ஊதக்கூடாது. நான் அவள் கையைப் பிடித்தேன். கவிநிலா இடது தோளை இறக்கினாள். கோட்டை உரசுவது போலச் சாய்ந்தாள். அந்த வளைவைவிட்டு வெளியே வந்தபோது அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை.

முடிகிற இடத்தில் ஓடி வந்து, டீச்சர் மேலேயே வாந்தி எடுத்தாள். "எடு, எடு, நல்லா எடு" என்று ரேணுகா அவள் முதுகைத் தடவினாள். சேலை நாசமாகப் போனது. அதோடுதான் மேடை வரைக்கும் போய் நின்றாள். ஆரணிப் பட்டுக்காரர் ஒருவர் அந்த ஓட்டத்துக்குக் கோப்பை வைத்திருந்தார். இந்த உயரம் இருக்கும். மாவட்டத்தில் முதல்.

மறுநாள் காலை சக்கரபாணி மேளத்தோடு வந்தார். கோப்பைக்கு மாலை போட்டு, பிள்ளையார் முன்னால் வைத்து, தேங்காய் உடைத்து, இடது கையாலேயே கோப்பையைத் தூக்கிக்கொண்டு வலமாக மூன்று சுற்றுச் சுற்றினார். "நம்ம புள்ளையாரு கைவுடுவாரா?" என்று மைக்கில் கேட்டார். பிள்ளைகள் கைதட்டின. கோப்பை தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரிக்குள் போனது. அதன் கீழே ஒரு பலகை: செயலாளர் உயர்திரு சக்கரபாணி அவர்கள் காலத்தில் பெற்றது. கவிநிலா பெயர் இல்லை. ஓடவிட்டவள் பெயர் எதற்கு இருக்கப் போகிறது?

ரேணுகா சக்கரபாணியிடம் போய்க் கேட்டாள். "ஓடனவ பேரு எங்கீங்க?"

"பலகையில எடம் கம்மிம்மா."

"உங்க பேருக்கு முன்னால 'உயர்திரு' போட எடம் இருந்துதே."

ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஜூனில் ஆர்டர் உண்டு என்று ஆதிமூலத்தை விட்டுச் சொல்லச் சொன்னார். எதற்கு மன்னிப்பு? பிள்ளையாரை இடமாகச் சுற்றவிட்டதற்கு. "கப்ப வாங்கி உள்ள வச்சிட்டு மன்னிப்பக் கேக்கறாரா? மொதல்ல கப்ப வெளிய வைக்கச் சொல்லுங்க" என்றாள் இவள். ஜூன் வந்தது. ஆர்டர் வரவில்லை.

செய்தி கீழ்பென்னாத்தூருக்கு இவள் சொல்லும் முன்பே போய்விட்டது. அப்பா சுப்பிரமணி வேர்க்கடலை மூட்டையோடு வந்து இறங்கினார்.

"ரேணு, பொட்டிய எடு. வூட்டுக்குப் போலாம்."

"எதுக்குப்பா?"

"வேல போச்சாமே."

"ஒரு வேல போச்சு. நேத்தே இன்னொண்ணு வந்துடுச்சு. வேங்கிக்கால்ல புதுசா தொறந்திருக்கற இங்கிலீஷ் ஸ்கூலு. ஆரணியில ஜெயிச்சது உங்க பொண்ணுங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். வான்னாங்க. கிரவுண்டு நடுவுல ஒண்ணுமே இல்லப்பா, வெறும் மண்ணு!"

"அப்ப உங்கத்த மகனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"ஓடிட்டாள்னு சொல்லுங்க. பொய் இல்லியே."

சுப்பிரமணி என்னைப் பார்த்தார், நான் கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். மூட்டையை வைத்துவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ரேணுகாவுக்கு அரசாங்க வேலையே வந்தது. கல்யாணமும் அவள் இஷ்டப்பட்ட வயசில் இஷ்டப்பட்ட ஆளோடு செய்துகொண்டாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் மறுபடி வலமாகவே ஓடி, மறுபடி தோற்றார்கள். அது அவர்கள் பாடு.

அப்பா போன மறுநாள் என்னைத் தேரடித் தெருப் பாத்திரக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோப்பை வாங்க. பாத்திரக்கடையில் கோப்பைக்கு எங்கே போவது? கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஒரு எவர்சில்வர் குடத்தைத் தூக்கினாள். பேர் வெட்டுகிற இருசப்பன் கடை ஓரத்தில் மிஷினோடு உட்கார்ந்திருந்தார்.

"கல்யாணச் சீருங்களா?"

"அந்த மாதிரிதான்."

"பொண்ணு பேரு?"

"கவிநிலா."

"மாப்ள பேரு?"

"ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்."

இருசப்பன் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவ சொல்றத எழுதுய்யா" என்றேன். சொல்லச் சொல்ல வெட்டினார். கவிநிலா, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம், ஆரணி, தொண்ணூற்றாறு, மாவட்டத்தில் முதல், இடமாக ஓடி ஜெயித்தது. குடத்தின் கழுத்துக்குக் கீழே சுற்றிக்கொண்டு போனது எழுத்து.

குடத்தைக் கையில் வாங்கியதும் தங்கம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்ததும் அந்தக் குடத்தைப் பரணில் ஏற்றவில்லை. நேரே தெருக்குழாய்க்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர் பிடித்து நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று தள்ளி நின்றாள். நாங்களும் நின்றோம். அந்த வழியாகச் சக்கரபாணி வந்தார். வெயிலில் குடம் மினுக்கியது. நின்று குனிந்தார். முன்பக்கம் பெயர்தான் தெரிந்தது. மிச்சத்தைப் படிக்க எழுத்து போகிற பக்கம் அவரும் நகர்ந்தார். குடம் இடது கைப்பக்கம் இருக்க, ஒவ்வொரு சொல்லாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே முழுச் சுற்றும் இடமாக வந்து நின்றார்.

குழாயடியில் முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார், சுற்றி வந்த தரையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று கேட்டார்.

"இது... இன்னா வெல?"

"குடம் இருநூத்தி எம்பத்தஞ்சு," என்றாள் ரேணுகாம்பாள். "எழுத்துக்குத் தனியா பதினெட்டு ரூபா."